வெள்ளைத் துணி வானம்

புதிதாக போட்டோ பழகும் நண்பர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். எனக்கு உடனே சுப்ரதா மித்ரா ஞாபகத்துக்கு வருவார். சத்யஜித் ராயைத் தெரிந்த அளவுக்கு நம் ஆட்களுக்கு இவரைத் தெரியாது. கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் நானும் இவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

மித்ரா 1930-ல் பிறந்தவர். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' படத்தை எடுக்க வங்காளம் வந்தபோது, கல்லூரிப் பையன். கேமரா உதவியாளர் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. அப்பா அவரை ரெனுவாரிடமே அழைத்துக்கொண்டு போனார். வேலை இல்லை, ஆனால் ஓரமாக நின்று பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போனால் நாம் நடிகர்களைப் பார்ப்போம். இவர் விளக்குகளைப் பார்த்தார். எந்த விளக்கு எங்கே இருந்தது, கேமரா எப்படி நகர்ந்தது, நடிகர் எங்கே நின்றார் என்று நோட்டில் படம் போட்டு வைத்துக்கொண்டார். ஒருநாள் ஒளிப்பதிவாளர் க்ளோத் ரெனுவாரே லைட்டிங் தொடர்ச்சியைச் சரிபார்க்க அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார் என்று மித்ரா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ராயோடு பழக்கம் ஏற்பட்டதும் அந்த நாட்களில்தான். 1952-ல் ராய் 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கியபோது ஒளிப்பதிவை இவரிடம் கொடுத்தார். அதற்கு முன் மித்ரா மூவி கேமராவை இயக்கியதே இல்லை!

நான் சொல்ல வந்த விஷயம் அடுத்த படமான 'அபராஜிதோ'வில் (1956) இருக்கிறது. கதைப்படி ஹரிஹரின் குடும்பம் காசியில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறது. நம்ம ஊர் முற்றம் வைத்த வீடு மாதிரிதான். நடுவில் திறந்த வெளி, சுற்றிலும் அறைகள். வெளிச்சம் மேலே வானத்திலிருந்து மட்டும் இறங்கும். நேர் வெயில் கிடையாது, அழுத்தமான நிழலும் கிடையாது.

மழைக்குப் பயந்து, கலை இயக்குநர் பன்ஸி சந்திரகுப்தா அந்த வீட்டை ஸ்டூடியோவுக்குள் செட் போட முடிவு செய்தார். மித்ரா ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டூடியோ விளக்கை நேராக அடித்தால் ஒவ்வொரு ஆளுக்கும் கறுப்பாக நிழல் விழும், பொய் என்று தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். வாதத்தில் தோற்றார். செட் உள்ளேதான் வந்தது.

தோற்றவர் சும்மா இருக்கவில்லை. முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை வானம் மாதிரி இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்து, நடிகர்கள் மேல் அடிக்காமல் அந்தத் துணியின் மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் பரவலாக, மெதுவாக இறங்கியது. படம் பார்த்தவர்களுக்கு அது காசி வீடாகவே தெரிந்தது. 1957-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பரிசு அந்தப் படத்துக்குத்தான்.

இதற்கு பவுன்ஸ் லைட்டிங் என்று பெயர். பெர்க்மானின் 'த்ரூ எ கிளாஸ் டார்க்லி' (1961) படத்தில் ஸ்வென் நிக்விஸ்ட் இதே முறையைக் கண்டுபிடித்ததாக ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் கட்டுரை வந்ததைப் பற்றி, நாங்கள் எப்போதோ செய்தாயிற்று என்று ராய் சொல்லியிருக்கிறார். வரவு ஒருவருடையது, பற்று வைத்தது இன்னொருவர் பெயரில்! பேங்க்காரன் கண்ணுக்கு இது உறுத்தாமல் போகுமா?

இந்த வெளிச்சத்துக்கு ஒரு விலை உண்டு. துணியில் பட்டுத் திரும்பும்போது பாதிக்கு மேல் வெளிச்சம் போய்விடும். அதைக் கேமராவில் ஈடுகட்டியாக வேண்டும். அங்கேதான் அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் வருகின்றன. கணக்கு நம் லெட்ஜர் மாதிரி, ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கம் வைக்க வேண்டும். எஃப் 4-ல் 1/60 விநாடியும், எஃப் 5.6-ல் 1/30 விநாடியும் உள்ளே விடும் வெளிச்சம் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் பின்னணி கொஞ்சம் கலங்கும், இரண்டாவதில் ஓடுகிற குழந்தை கலங்கும். இரண்டும் தெளிவாக வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவைக் கூட்டலாம். அதற்கு வட்டி, படத்தில் விழும் புள்ளிகள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? ஊரிலிருந்து அம்மா வந்து பதினைந்து நாள் நம்மோடு இருந்துவிட்டுப் போகிறார். அடுத்து எப்போது வருவாரோ. மிஞ்சுவது நாலு படம். நேர் ஃபிளாஷில் எடுத்தால் நெற்றி மட்டும் வெளுத்து, முகச் சுருக்கமெல்லாம் காணாமல் போய், பின்சுவரில் கறுப்பு நிழல் ஒட்டியிருக்கும். அந்தச் சுருக்கங்கள்தானே அம்மா?

ஃபிளாஷைத் திருப்ப முடிந்தால் வெள்ளை சீலிங்கைப் பார்த்துத் திருப்புங்கள். செல்போன்தான் இருக்கிறதென்றால் ஃபிளாஷை அணைத்துவிட்டு, அம்மாவை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். இருட்டான பக்கத்தில் யாராவது ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும். காசி வீட்டுக்கு மித்ரா கட்டிய வானத்தில் ஒரு முழம் உங்கள் ஃபிளாட்டிலும் இருக்கும்.