நன்னன் பெயரும் சேயாற்று மணலும்: மலைபடுகடாத்தின் 'ஆனந்தக்குற்றம்' குறித்து ஒரு மறுபார்வை

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் மீது சுமத்தப்பட்ட ஆனந்தக்குற்றம், அதாவது பாட்டின் சொல்லே சாவை விளைவிக்கும் என்னும் குற்றம், பழைய வழக்கு. 145-ஆம் அடி செங்காந்தளுக்குத் தீயை உவமை சொல்கிறது. அங்கே பாட்டுடைத் தலைவனான நன்னன் பெயர் தீயோடு அடுத்து ஒலிக்கிறதாம். அதனால் பாடியவரும் பாடப்பட்டவரும் மாண்டனராம். இப்படிச் சொன்னவர் ஆளவந்த பிள்ளையாசிரியர். நச்சினார்க்கினியர் தம் பத்துப்பாட்டு உரையில் மறுப்பதற்காக எடுத்துக்காட்டியதால்தான் இக்கருத்து நம் காலம்வரை வந்திருக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அவ்வுரையோடு பதிப்பித்தபோது குற்றச்சாட்டும் மறுப்பும் சேர்ந்தே அச்சேறின.

நச்சினார்க்கினியரின் மறுப்பு இலக்கணம் சார்ந்தது. அகத்தியனாரும் தொல்காப்பியனாரும் கூறாத குற்றத்தைப் பின்னுள்ளோர் வகுத்தார்கள். ஆகவே சான்றோர் செய்யுளை அது தொடாது என்பார். முடிவு சரியே. ஆனால் இது சட்டம் பிறந்த நாளைக் காட்டிப் பெறும் விடுதலை. பாட்டுக்குள் பெயரும் சாவும் எப்படி உறவாடுகின்றன என்ற கேள்விக்குள் அவர் போகவில்லை. ஆளவந்த பிள்ளையாசிரியரோடு அங்கேதான் வாதாட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவர் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பாட்டியல் நூல்கள் மங்கலச் சொல்லையும் எழுத்துப் பொருத்தத்தையும் வற்புறுத்திய உலகம் அவருடையது. யாப்பருங்கல விருத்தி எழுத்து, சொல், பொருள், யாப்பு, தூக்கு, தொடை என ஆனந்தத்தை ஆறாகப் பிரித்துப் பேசுகிறது. நந்திக் கலம்பகம் கேட்டே பல்லவன் நந்திவர்மன் உயிர்விட்டான் என்ற கதையும் இந்த நம்பிக்கையின் கிளைதான்.  பாட்டை மந்திரமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு ஓர் உவமை சாவுக்குக் காரணமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் அந்தக் காது காட்சியைத் தவறவிட்டது. காந்தளின் புதுமுகையை இறைச்சித் துண்டென்று எண்ணி ஒரு பருந்துச் சேவல் எடுத்துச் செல்கிறது. ஊன் இல்லை என்று தெரிந்ததும் உதிர்த்துவிடுகிறது. இதழ்கள் சிதறிய அகன்ற பாறை வெறியாடும் களம் போலத் தோன்றுகிறது. நெருப்புவமை இங்கே இன்னொரு முறையும் வருகிறது. குற்றம் சாட்டியவர் அதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், இனிமேல் போகப்போகும் இன்னொரு கூத்தனுக்குச் சொல்லும் வழி இது. 583 அடிகளும் அவன் நினைவிலிருந்து எழுகின்றன: பன்றிக்கு வைத்த பொறிகள், தினைப்புனத்துக் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள். கண்டதை மறக்க முடியாதவன் தேடி எடுத்த உவமையே அந்தத் தீ.

நினைவிலிருந்து எழும் இன்னொரு பாட்டோடு இதை ஒப்பிடலாம். 1798-இல் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் ஐந்தாண்டு கழித்து வை ஆற்றங்கரைக்குத் திரும்பி எழுதிய பாட்டில், ஆற்றை மீண்டும் காண்பவன் தன் வயதை அளக்கிறான். இறுதியில் உடனிருக்கும் தங்கையின் நினைவில் அந்த இடத்தை ஒப்படைக்கிறான். மலைபடுகடாம் பாடிய பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனாரின் கூத்தனுக்குத் தன் வயதைப் பற்றிய கவலை இல்லை. நினைவைக் கேட்பவனுக்குக் கொடுப்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். கிளைவழிகளில் புல்லை முடிந்து, பின்னால் வரும் புதியவர்களுக்கு அடையாளம் இட்டுப் போகச் சொல்கிறான் கூத்தன்.

நாள் கழிவதைப் பற்றிய பேச்சு நன்னனுக்கே உரியது. பாட்டின் இறுதிப் பகுதியில், கொடுக்க மனமின்றி வாழ்ந்து, தம் பெயரைத் தம்மோடே கொண்டு மாய்ந்தவர்கள் சேயாற்று எக்கர் மணலைவிடப் பலர் என்றும், ஆகவே வரையறுத்த நாள் புகழோடு கழியட்டும் என்றும் அவன் எண்ணுகிறான். ஆளவந்த பிள்ளையாசிரியருக்கு இந்த இடமே விடை. ஒரு பெயர் சாவது ஈயாமையால்தான். தீ என்ற சொல்லின் பக்கத்தில் நிற்பதால் அது சாவதில்லை. கவலை வழிகளில், போரில் மாண்ட மறவரின் பெயரோடு நட்ட கற்களையும் பாட்டு காட்டுகிறது. சாவுக்குப் பக்கத்தில் பெயரை நிறுத்துவது அந்த நாட்டில் சிறப்பு. தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பை வெளியிட்டபோது, அவ்வழக்கம் பல்லவர் காலத்திலும் நன்னன் ஆண்ட அதே செங்கம் மண்ணில் உயிரோடு இருந்தது தெளிவாயிற்று.

செங்கம் வட்டாரத்து இடைக்காலக் கல்வெட்டுப் பாடல் ஒன்று இந்த வாதத்தில் முக்கியமானது. ஆட்கொண்டதேவன் என்பவன் தன் தலைவனின் வெற்றிப்புகழ் மேலோங்க, வாகையையும் குரங்கையும் விசயத்தையும் தீட்டியதை அது சொல்கிறது. தீட்டிய இடத்தைச் சுட்டும்போது 'கடாம்' புனையப்பெற்ற நன்னனின் வெற்பு என்கிறது. பாட்டின் பெயரே மலைக்கு அடைமொழி ஆகியிருக்கிறது. பாடியவரையும் பாடப்பட்டவரையும் கொன்ற பாட்டென்று ஊரார் நம்பியிருந்தால், தலைவனின் புகழைக் கல்லில் ஏற்றும் ஒருவன் அதே பாட்டை மங்கலமாக அழைத்திருப்பானா? ஆனந்தக்குற்றம் நூலோர் வட்டத்தில் பிறந்து அங்கேயே சுற்றியது, மலையடி மக்கள் அதை ஏற்கவில்லை என்றே கருதுகிறேன்.

தடைகளும் உண்டு. கல்வெட்டைப் பாடியவன் மலைபடுகடாத்தை முழுதும் ஓதியிருக்க வேண்டியதில்லை. பெயர்ப்புகழ் மட்டுமே செவிவழி வந்திருக்கலாம். ஆளவந்த பிள்ளையாசிரியர் நச்சினார்க்கினியருக்கு முற்பட்டவர் அல்லது சமகாலத்தவர் என்பதற்கு மேல் அவர் காலத்தை நெருக்கிச் சொல்ல முடியாது. கல்வெட்டு அவருக்கு முந்தியதானால், குற்றச்சாட்டு அப்போது பிறந்திராமலே இருக்கலாம். என் வாதத்தின் வலு பாதியாகக் குறையும். பிந்தியதானால், செங்கத்தார் அவரைப் பொருட்படுத்தவில்லை என்று துணிந்து சொல்லலாம். எந்த வரிசையிலும், நன்னன் பெயரைத் தீயோடு சேர்த்து அஞ்சியதற்கான தடயம் அக்கல்லில் இல்லை.