உயரமானியும் பக்கத்து அலைகளும்

இரவில் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி, தொலைதூர நிலையம் ஒன்றைக் கேட்க முயன்றிருக்கிறீர்களா? பக்கத்து அலைவரிசையில் வலிமையான நிலையம் இருந்தால், அதன் பாட்டும் உடன் கலந்து ஒலிக்கும். தரையிறங்கும் விமானத்தின் கருவியில் இவ்வாறு நேர்ந்தால் என்ன ஆகும்?

காற்றழுத்தத்தைக் கொண்டு இயங்கும் உயரமானி, கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரத்தையே கூறும். தரை எவ்வளவு தாழ்வில் உள்ளது என்று கூறுவது ரேடியோ உயரமானி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1938-இல் இதை இயக்கிக் காட்டினர். விமானத்தின் அடிப்பகுதியிலிருந்து செல்லும் அலை தரையில் பட்டுத் திரும்புகிறது. 300 மீட்டர் உயரத்தில், அது போய்வர ஒரு நொடியைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் அதில் இரண்டு பங்கு நேரமே ஆகும். அனுப்பும் அலையின் அதிர்வெண் சீராக மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே, திரும்பி வரும் அலைக்கும் அக்கணம் புறப்படும் அலைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து உயரம் கணக்கிடப்படுகிறது.

இக்கணக்கு பிழைத்தால் என்ன நேரும் என்பது 2009-இல் தெரிந்தது. ஆம்ஸ்டர்டாமில் இறங்க வந்த துருக்கி விமானத்தின் ஓர் உயரமானி, வானில் இருக்கும்போதே தரையைத் தொட்டுவிட்டதாகக் காட்டியது. தானியங்கி அமைப்பு எஞ்சின்களின் விசையைக் குறைத்தது. வேகம் குன்றி விமானம் விழுந்தது. 9 பேர் மாண்டனர். வெளி அலைகள்தாம் காரணம் என்று விசாரணை கூறவில்லை. ஆனால் இக்கருவியை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பது புலனாயிற்று.

ரேடியோ உயரமானிகளுக்கு ஒதுக்கப்பட்டவை 4200 முதல் 4400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள். அவற்றுக்குக் கீழே நெடுங்காலம் செயற்கைக்கோள்களின் மெல்லிய அலைகளே இருந்தன. எனவே பழைய உயரமானிகளில் அயல் அலைகளைத் தடுக்கும் வடிகட்டிகள் கூர்மையாக அமையவில்லை. அமெரிக்க அரசு 3700 முதல் 3980 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை ஏலம் விட்டது. 2021-இல் முடிந்த அந்த ஏலத்தில் சுமார் 8100 கோடி டாலர் கிடைத்தது. 5ஜி கைப்பேசிக் கோபுரங்கள் தம் எல்லையை மீறவில்லை. ஆயினும் அவற்றின் வலிமையான அலைகள் பழைய கருவிகளைக் குழப்பக்கூடும் என்று வல்லுநர்கள் அஞ்சினர்.

2022 சனவரி 19-இல் சேவை தொடங்கியபோது, ஏர் இந்தியா உள்ளிட்ட நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான சில விமானங்களை நிறுத்தின. விமான நிலையங்களுக்கு அருகில் கோபுரங்களை இயக்குவது தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் விமானங்களில் புதிய வடிகட்டிகள் பொருத்தப்பட்டன. இந்திய அரசும் 2022 நவம்பரில், ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் 2.1 கிலோமீட்டருக்குள் 5ஜி நிலையம் அமைக்க வேண்டாமென அறிவுறுத்தியது.

அலை பரப்புவோர் எல்லைக்குள் நிற்பது மட்டும் போதாது. அலை வாங்கும் கருவியும் தன் எல்லைக்கு அப்பால் காது கொடுக்காதிருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.