ஆறுதலும் ஆற்றுதலும்: சயாம் மரண ரயிலும் மலாயாத் தமிழர் நினைவும்

தமிழில் 'ஆறு' என்னும் வினை பலவிடத்து வழங்குகிறது. பால் ஆறும், புண் ஆறும், மனம் ஆறும். இவை தாமே நிகழ்வன. இதன் பிறவினை 'ஆற்று' என்பதாகும். பாலை ஆற்றவும் புண்ணை ஆற்றவும் மனத்தை ஆற்றவும் ஒருவர் வேண்டும். ஒரு சமுதாயத்திற்கு நேர்ந்த பெருந்துயர் காலம் செல்லச் செல்லத் தானே ஆறிவிடுமா, அன்றி அதனை ஆற்றுவார் வேண்டுமா என்பதே இவ்வுரையில் நாம் எழுப்பும் வினா. இரண்டாம் உலகப் போரின்போது சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட மலாயாத் தமிழரின் வரலாற்றை முன்வைத்து இதனை நோக்குவோம்.

1. பாதையும் பலியும்

1942-ஆம் ஆண்டின் முற்பாதியில் மலாயாவும் சிங்கப்பூரும் பர்மாவின் பெரும்பகுதியும் ஜப்பானியர் வசமாயின. பர்மாப் போர்முனைக்குக் கடல்வழியே படைப்பொருள் அனுப்புவது, நேசநாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களால் இடர் மிகுந்ததாயிற்று. எனவே தாய்லாந்தின் பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, காட்டையும் மலையையும் ஊடறுத்து ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ரயில் பாதை அமைக்க ஜப்பானியப் படை முற்பட்டது. இருபுறமிருந்தும் போடப்பட்ட தண்டவாளங்கள் 1943 அக்டோபர் மாதம் ஒன்று சேர்ந்தன.

இவ்வேலையில் 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பர்மியர், மலாய்க்காரர், சாவகர், சீனர், தமிழர் எனப் பல இனங்களைச் சேர்ந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் என்றும், அவர்களுள் இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என்றும் மதிப்பிடுவர். மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பகுதியினர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். மேலைநாடுகளுக்கான ஏற்றுமதி நின்றதால் பால்வெட்டு முடங்கியது, அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. நல்ல கூலி, சில மாத வேலை என்னும் உறுதிமொழியை நம்பிப் போனோர் பலர். பின்னர் ஆட்களைப் பிடித்தே ஏற்றினர். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, வந்தோரை லாரிகளில் ஏற்றிச் சென்றதையும் பிழைத்து வந்தோர் சொல்லியிருக்கின்றனர். 1943-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வேலை முடுக்கப்பட்டது. அப்போது பரவிய வாந்திபேதி, மருத்துவ வசதியற்ற தொழிலாளர் குடில்களில் கூட்டங்கூட்டமாக உயிர் கொண்டது.

2. பெயரும் நாளும் இடமும்

காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் 7,000-க்குச் சற்றுக் குறைவான கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியன பொறிக்கப்பட்டுள்ளன. கைதிகளின் அதிகாரிகள் முகாம்களில் மறைவாகவேனும் குறிப்பெழுதி வைத்தனர். போர் முடிந்ததும் அக்குறிப்புகளைக் கொண்டு தேடி, காட்டில் புதைந்தோரை எடுத்து வந்து முறையாக அடக்கம் செய்தனர். அத்தகைய கல்லறைத் தோட்டம் ஆசியத் தொழிலாளர்க்கு அமையவில்லை. ஜப்பானியர் அவர்களை 'ரோமுஷா', அதாவது வேலையாள், என்னும் பொதுப்பெயரால் சுட்டினர். தோட்டத்தில் அன்றாடம் விடியற்காலைப் பெரட்டில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட மக்கள், பாதையோரத்தில் பெயரின்றிப் புதையுண்டனர்.

இதன் விளைவை நம் மரபினுள் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழர் இறந்தார்க்குச் செய்யும் கடன் மூன்றனைச் சார்ந்தது. பெயர் சொல்லிப் படைக்க வேண்டும்; திதி பார்த்துப் படைக்க வேண்டும்; உடலுக்கோ சாம்பலுக்கோ ஓர் இடம் இருக்க வேண்டும். சயாமில் இறந்தவர்க்குத் திதியும் இல்லை, இடமும் இல்லை. பெயர் வீட்டாருக்கு மட்டுமே தெரியும். பதினாறாம் நாள் எந்நாள் என்று அறியாத வீட்டில் கருமாதி நிகழவில்லை. பூவையும் பொட்டையும் நீக்குவதா வைத்துக்கொள்வதா என்று அறியாத மனைவியர் தோட்டத்து லயங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். முறைப்படி அழுவதற்கு இடமில்லாத துயர் இது. ஆண்டுகள் பல கடந்தும் ஆறாமைக்கு முதற்காரணம் இதுவேயாகும்.

3. பேச்சில் தங்கிய துயர்

இத்துயரை நம் முதியோர் எவ்வாறு சொல்கின்றனர் என்பதும் மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. சயாம் என்னும் நாட்டுப்பெயர் 1939-ஆம் ஆண்டிலேயே தாய்லாந்து என மாற்றப்பட்டது. ஆயினும் 'தாய்லாந்துக்குப் போனார்' என்று எந்தப் பாட்டியும் சொல்லக் கேட்டதில்லை. 'தாத்தா சயாமுக்குப் போனவர்' என்பதே வழக்கு. 'மரண ரயில்' என்பது ஆங்கில வழக்கைத் தழுவிப் பின்னர் நூல்வழிப் பரவிய தொடர். குடும்பப் பேச்சில் 'சயாம்' என்னும் ஒரு சொல்லே நாட்டையும் வேலையையும் சாவையும் குறித்து நின்றது.

வினையையும் நோக்குக. 'இறந்தார்' என்று சொல்வதில்லை, 'திரும்பவில்லை' என்பர். இறப்பைக் கண்டார் எவரும் வந்து சொல்லாத நிலையில், அறிந்ததை மட்டுமே சொல்லும் நேர்மை அதில் உண்டு. 'பிடித்துக்கொண்டு போனார்கள்' என்னும் தொடரில் எழுவாய் தோன்றாது மறைந்து நிற்கிறது. பிடித்தவர் ஜப்பானியச் சிப்பாயா, ஆள்கணக்குக் காட்ட வேண்டியிருந்த கங்காணியா, தோட்டத்துக் கிராணியா? பெயரைச் சொன்னால் அடுத்த லயத்துக் குடும்பம் தலைகுனிய நேரும். ஆகவே மக்கள் எழுவாயை விழுங்கினர். சேர்ந்து வாழ்வதற்கு அம்மௌனம் உதவியது. ஆனால் அடுத்த தலைமுறைக்குச் செய்தி சென்று சேரவில்லை.

1957-இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற 'குவாய் நதிப் பாலம்' ஆங்கிலத் திரைப்படமும் போர்க்கைதிகளின் கதையையே முன்னிறுத்தியது. நம்மவர் கதையைத் தமிழில் எழுதியோருள் மலேசிய நாவலாசிரியர்களான ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் குறிப்பிடத்தக்கவர்கள். முன்னவரின் 'சயாம் மரண ரயில்', பின்னவரின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள், வரலாற்று நூல்கள் கைவிட்ட இடத்தில் இலக்கியம் கைகொடுத்ததற்குச் சான்றுகளாகும்.

4. நடுகல்

போரில் வீழ்ந்தார்க்குக் கல்லெடுப்பது தமிழரின் தொன்மையான மரபு. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நீராட்டி நட்டு வாழ்த்துவது ஈறாக அதன் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் காஞ்சனபுரியில், தாய்லாந்து வாழ் தமிழரின் முயற்சியாலும் தமிழ்நாடு அரசின் நிதியுதவியாலும் அங்கு மாண்ட தமிழர்க்கு நடுகல் ஒன்று எழுப்பப்பட்டது. பாதை முடிந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அத்துயருக்கு ஓர் இடம் கிடைத்தது. எனினும் மாண்டோர் அனைவரின் பெயரையும் எந்தக் கல்லிலும் பொறிக்க இயலாது. முழுமையான பெயர்ப்பட்டியல் நம்மிடம் இல்லை.

5. ஆசிரியரும் மாணவரும் செய்யக்கூடியது

எஞ்சியுள்ள பணி பெயர்களைத் திரட்டுவதாகும். பாதையில் உழைத்துத் திரும்பியோர் ஏறத்தாழ அனைவரும் மறைந்துவிட்டனர். அவர்தம் பிள்ளைகளே இன்று எண்பதைக் கடந்தவர்கள். எனவே இது காலம் தாழ்த்தத்தக்க பணியன்று. ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்து மூத்தோரிடம் நான்கு செய்திகளைக் கேட்டு எழுதலாம்: சென்றவர் பெயர், புறப்பட்ட தோட்டம், தமிழகத்துப் பூர்விக ஊர், திரும்பினாரா என்பது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு மக்கள் வழங்கிய தமிழ்ப்பெயரையும் குறித்தல் வேண்டும். ஆவணங்களில் ஒரு பெயரும் பேச்சில் வேறொரு பெயரும் வழங்கிய தோட்டங்கள் பல. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பாகிவிட்ட இந்நாளில், இரண்டையும் இணைத்துக் காட்ட மக்களின் நினைவன்றி வேறு வழியில்லை.

கேட்கும்போது மூத்தோரின் சொற்களை எழுத்துத்தமிழாக்கித் திருத்தாமல் அவ்வாறே பதிவு செய்க. 'திரும்பவில்லை' என்றால் 'இறந்தார்' என எழுதற்க. அவர் மௌனமானால் வற்புறுத்தாது, அம்மௌனத்தையும் ஒரு வரியில் குறித்துக்கொள்க. பிடித்துச் சென்றவரின் வழித்தோன்றல்களைப் பழிப்பதற்காக இதைச் செய்யவில்லை என்பதையும் மாணவர்க்கு முன்னரே உணர்த்துதல் நன்று.

தாத்தாவின் பெயரைப் பேரப்பிள்ளை கேட்டு எழுதும்போது, அம்மூதாட்டி ஒருவேளை முதன்முறையாக அவருக்காக வாய்விட்டு அழக்கூடும். அழட்டும். அருகிலிருந்து கேட்பதும் ஆற்றுதலே.