ஜெர்மானிய வான்குடை வீரர்களின் விருதுச் சான்றிதழ்கள்

ஜெர்மானிய வான்குடை வீரர்களின் விருதுச் சான்றிதழ்கள் என்பவை, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் வான்குடைப் படையினருக்குப் பதக்கங்களுடன் வழங்கப்பட்ட தாள்கள் ஆகும். இவை இன்று பல நாடுகளில் சேகரிக்கப்படுகின்றன. ஒரு பதக்கத்தைப் பார்த்து அது யாருடையது என்று பெரும்பாலும் அறிய முடியாது. பெயர், பதவி, படைப்பிரிவு, நாள், அதிகாரியின் கையொப்பம் ஆகியவை தாளில்தான் இருக்கும்.

பின்னணி

போர்க்காலத்தில் வான்குடைப் படை, ஜெர்மானிய வான்படையான லுஃப்ட்வாஃபேயின் பகுதியாக இருந்தது. 1941 மே 20 அன்று இப்படை கிரேக்கத்தின் கிரீட் தீவில் இறங்கியது. தீவு பிடிபட்டாலும் இழப்பு மிகுதி. அங்குள்ள மாலெமெ ஜெர்மானியப் போர்க் கல்லறையில் 4,400-க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டுள்ளனர். 1944இல் இத்தாலியின் மான்ட்டே காசினோவில் இப்படையினர் காலாட்படையாகவே போரிட்டனர்.

முக்கிய வகைகள்

- வான்குடை வீரர் சின்னம்: 1936இல் ஏற்படுத்தப்பட்டது, குதிக்கும் பயிற்சியை முடித்தோருக்கு உரியது.
- இரும்புச் சிலுவை: இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு.
- காயச் சின்னம்: காயங்களின் எண்ணிக்கையையும் கடுமையையும் பொறுத்துக் கருப்பு, வெள்ளி, பொன் என மூன்று நிலைகள்.
- ‘கிரீட்டா’ கைப்பட்டை: கிரீட் போரில் பங்கேற்றோருக்காக 1942இல் ஏற்படுத்தப்பட்டது.

உண்மைத்தன்மை அறிதல்

விலை மதிப்பு இருப்பதால் போலிகளும் உள்ளன. தாளைப் புற ஊதா ஒளியில் பார்ப்பது ஒரு சோதனை. காகிதத்தைப் பளிச்சிட வைக்கும் வெண்மையூட்டிகள் போருக்குப் பின்னரே பரவலாயின; எனவே நீல ஒளி வீசும் தாள் ஐயத்திற்குரியது. ஆனால் பழைய வெற்றுத் தாளிலும் போலியை எழுதலாம். ஆகவே, வீரர் உடன் வைத்திருந்த சம்பளப் புத்தகத்திலும் (சோல்ட்புக்) படைப் பதிவேட்டிலும் (வேர்பாஸ்) அதே விருது, அதே நாளில் பதியப்பட்டுள்ளதா என ஒப்பிடுகின்றனர். ஒருவரின் ஆவணங்களைப் பிரித்துத் தனித்தனியே விற்றால் இந்த ஒப்பீடு இயலாமல் போகும்.

சட்ட நிலை

ஜெர்மனியில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, போர்க்கால விருதுகளை சுவஸ்திகா நீக்கிய வடிவில் மட்டுமே அணியலாம். சுவஸ்திகா முத்திரையுள்ள ஆவணங்களைப் பொதுவில் காட்டவும் கட்டுப்பாடு உண்டு. ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது.

வரலாற்று மதிப்பும் வரம்பும்

லுஃப்ட்வாஃபேயின் ஆவணங்களில் பெரும்பகுதி போரின் முடிவில் அழிக்கப்பட்டது. அதனால் ஒரு படைப்பிரிவு எப்போது எங்கிருந்தது என்பதை அறிய, குடும்பங்களிடம் எஞ்சிய சான்றிதழ்கள் உதவுகின்றன.

எனினும், விருது வழங்கியவர்கள் சொல்ல விரும்பியதை மட்டுமே இத்தாள்கள் சொல்கின்றன. 1941 சூன் 2 அன்று கிரீட்டின் கொந்தோமாரி சிற்றூரில், ஆயுதமற்ற ஆண்களை வான்குடை வீரர்கள் சுட்டுக் கொன்றனர். மறுநாள் கந்தானோஸ் ஊர் அழிக்கப்பட்டது. கொந்தோமாரிக் கொலைகளை நடத்திய அதிகாரி ஹோர்ஸ்ட் டிரெபெஸ், அடுத்த மாதமே இரும்புச் சிலுவையின் உயர்நிலையான நைட்ஸ் கிராஸ் விருதைப் பெற்றார். ‘கிரீட்டா’ கைப்பட்டைச் சான்றிதழில் இவ்வூர்களின் பெயர்கள் இல்லை. கொந்தோமாரி நிகழ்வுக்குச் சான்றாக இருப்பவை, ஜெர்மானியப் படையின் புகைப்படக்காரர் ஒருவர் அங்கு எடுத்த படங்கள். எனவே விருதுத் தாள்களை இத்தகைய பிற சான்றுகளுடன் சேர்த்துப் படிக்கும்போதே வரலாறு முழுமை பெறும்.