நாலு தடக் கேசட்டும் கொஞ்சம் சரித்திரமும்

ஏ.ஆர்.ரஹ்மான் பஞ்சதன் ஸ்டூடியோ ஆரம்பிச்ச கதை உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். கோடம்பாக்கத்துல வீட்டோட ஒட்டி அறையைக் கட்டியாச்சு, ஏசி போட்டாச்சு, கார்ப்பெட் விரிச்சாச்சு. உள்ளே வைக்கத்தான் கருவி இல்லை. அம்மா நகையை வச்சுப் பணம் புரட்டிக் கொடுத்ததுல வந்தது 16 தட ஃபாஸ்டெக்ஸ் ரெக்கார்டர். 1992ல் 'ரோஜா'. மீதியெல்லாம் ஊரறிஞ்ச சங்கதி.

இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் நகையைப் பத்தியே பேசுவாங்க. எனக்கு அந்த '16 தடம்' மேலதான் கண்ணு. ஏன்னா, வைக்க நகையும் இல்லாத கல்யாண மெல்லிசைக் குழுப் பசங்களுக்காக, அதே ஜப்பான்காரங்க நாலே தடத்துல ஒரு பெட்டி செஞ்சு வித்துக்கிட்டிருந்தாங்க. கடைல கிடைக்கிற சாதாரண கேசட்தான் அதுக்குத் தீனி. அந்தப் பெட்டியில ஒண்ணு எங்க கோவில்பத்து வரைக்கும் வந்து சேர்ந்துச்சு.

(கோவில்பத்துன்னா எதுன்னு கேக்குறவங்களுக்கு: காரைக்கால்ல இருக்கு. சம்பந்தர் பாடிய திருத்தெளிச்சேரி இதுதான். 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர். சரி, மேட்டருக்கு வருவோம்.)

'தடம்'னா என்ன? பழைய சினிமாப் பாட்டுப் பதிவுல பாடகர், வயலின், தபேலா எல்லாரும் ஒரே சமயத்துல வாசிக்கணும். கடைசிச் சரணத்துல ஒருத்தர் தும்மினா மறுபடியும் முதல்லேருந்து. தடம் தடமாப் பிரிச்சுப் பதிவு பண்ணினா இந்தத் தொல்லை இல்லை. தபேலாவை இன்னிக்கு வாசிச்சுட்டு, குரலை நாளைக்குச் சேர்த்துக்கலாம். அமெரிக்காவுல லெஸ் பால்ங்கிற கிடார்காரர் 1957லேயே ஆம்பெக்ஸ் கம்பெனியோட 8 தட ரெக்கார்டரை வீட்டுல வச்சிருந்தார். பீட்டில்ஸ் 1967ல் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தைச் செஞ்சது நாலு தட மெஷின்லதான். ஆனா அது ஒரு அங்குல அகல டேப். மெஷினோட விலையும் சைஸும் நமக்கெல்லாம் ஆகாது.

நம்ம கேசட் டேப் 3.81 மில்லிமீட்டர் அகலம். பிலிப்ஸ் கம்பெனி 1963ல் பெர்லின் கண்காட்சியில காட்டினப்ப, அது பேச்சைப் பதிய வைக்கிற சின்ன சமாச்சாரம்தான். அப்புறம் ஸ்டீரியோ வந்துச்சு. ஏ பக்கத்துக்கு ரெண்டு தடம், பி பக்கத்துக்கு ரெண்டு தடம். தடம் ஒண்ணு 0.6 மில்லிமீட்டர். ஆக ஒவ்வொரு கேசட்லயும் நாலு தடம் சும்மாவே இருக்கு, ரெண்டு ஒரு திசையில, ரெண்டு எதிர்த்திசையில. 1979ல் டீயாக் கம்பெனி 'போர்ட்டாஸ்டூடியோ 144'ன்னு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. நாலு தடத்தையும் ஒரே திசையில எழுதுற ஹெட், கூடவே ஒரு மிக்சர், எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. சத்தம் தெளிவா வரணுமேன்னு டேப்பை ரெண்டு மடங்கு வேகத்துல, வினாடிக்குச் சுமார் 9.5 சென்டிமீட்டர்ல ஓடவிட்டாங்க. 90 நிமிஷ கேசட் போட்டா 22½ நிமிஷம்தான் கிடைக்கும். இரைச்சலை அமுக்க 'டால்பி பி'ன்னு ஒரு சர்க்யூட், பின்னால வந்த மாடல்கள்ல 'டிபிஎக்ஸ்'. 1983ல் ஃபாஸ்டெக்ஸ்காரன் எக்ஸ்-15னு இன்னும் மலிவா இறக்கினான்.

தடம் பத்தலைன்னா? மூணு தடத்தை நிரப்பி, அதைக் கலந்து நாலாவதுல ஏத்திட்டு, மூணையும் அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கணும். ஒவ்வொரு தடவையும் 'ஸ்ஸ்'னு இரைச்சல் ஏறும். கலந்ததைப் பிரிக்கவும் முடியாது. மெட்டு பிடிச்சுப்போனவன் மட்டும்தான் இவ்வளவு பாடுபடுவான்! புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில நியூ ஜெர்சி வீட்டுல உட்கார்ந்து இந்த 144ல சாம்பிளுக்குன்னு பாடி வச்சார். பிறகு முழுக் குழுவோட ஸ்டூடியோவுல பாடிப் பார்த்தா அந்த உயிர் வரலை. கடைசியில கேசட்டையே 'நெப்ராஸ்கா'ன்னு ஆல்பமா விட்டாங்க.

நம்ம பக்கம் எண்பதுகள் கேசட்டோட பொற்காலம். தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர். பாட்டு லிஸ்ட்டையும் டிடிகே 60ஐயும் கொடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சுப் போகணும். பக்கத்து நாகூர்லேருந்து இ.எம்.ஹனிபா குரல் கேசட் ஏறி எல்லா ஊருக்கும் போச்சு. அம்மன் பாட்டு, நாட்டுப்பாட்டு, கட்சிப் பிரச்சாரம், எல்லாத்துக்கும் கேசட்தான். பீட்டர் மானுவல் 1993ல் 'கேசட் கல்ச்சர்'னு ஒரு புத்தகமே எழுதினார், ஆனா அது வட இந்தியா பத்தி. தெற்கே சின்னக் குழுக்கள் சொந்தமா மெட்டுப் போட்டுப் பதிவு பண்ணின கதையும் அதே அளவுக்கு எழுதப்பட வேண்டிய ஒண்ணு.

எங்க சித்தப்பா அப்படி ஒரு குழுவுல கீபோர்டு. துபாய்லேருந்து வந்த மச்சான்கிட்ட டூ-இன்-ஒன் கேக்காம இந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கினவர். (சித்தி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாங்க.) 11 கேசட் இருக்கு. அதுல பாடின அக்கா இப்ப உயிரோட இல்லை. அவங்க குரல் வேற எங்கேயும் பதிவாகலை.

இங்கதான் சிக்கல். இந்தக் கேசட்டைச் சாதாரண டெக்ல போட்டீங்கன்னா ரெண்டு தடம் பாதி வேகத்துல, பேய் பேசுற மாதிரி கேக்கும். திருப்பிப் போட்டா மத்த ரெண்டும் பின்னாலேருந்து முன்னால ஓடும். "கேசட் கெட்டுப்போச்சுங்க, தூக்கிப் போடுங்க"ன்னு ஒரு கடைக்காரர் சித்தப்பாகிட்டயே சொன்னார். இப்படிச் சொல்லித் தூக்கிப் போட்டது எத்தனையோ. கரையோரத்துல மிச்சம் இருந்ததையும் 2004 டிசம்பர் 26 அன்னிக்குக் கடல் கொண்டுபோச்சு.

பெட்டி இருபது வருஷமா ஓடலை. உள்ளே திறந்தா ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி புல்லி பூரா அப்பிக்கிடக்கு. இது அந்தக் காலத்து டேப் மெஷின் எல்லாத்துக்கும் வர்ற வியாதி. டிவி மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்துட்டு, "தம்பி, இதுக்கு இப்ப எவன் பெல்ட் செய்றான்?"ன்னார். செய்றாங்க. பழைய பெல்ட் போயிருந்தா புல்லியில நூலைச் சுத்தி அளந்து, அதைவிடக் கொஞ்சம் குறைச்ச நீளத்துல வாங்கணும். தாரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் வச்சுத் துடைச்சே ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு. பிஞ்ச் ரோலர் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, அதையும் மாத்தியாச்சு. நம்ம உப்புக் காத்துல வால்யூம் பட்டன்லாம் கரகரங்கும், கான்டாக்ட் கிளீனர் அடிச்சுப் பல தடவை திருகினா சரியாகும். கடைசியா ஹெட் பக்கத்துச் சின்ன ஸ்க்ரூ. ஹெட் இம்மி சாய்ஞ்சிருந்தாலும் 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கிடும். கேசட்டை ஓடவிட்டுக் காதால கேட்டுக்கிட்டே கால் சுத்துக்கும் குறைவாத் திருப்பணும்.

இனி டிஜிட்டல். பின்பக்கம் நாலு தடத்துக்கும் தனித்தனி வெளி இணைப்பு இருந்தா, நாலு உள்ளீடு இருக்கிற யுஎஸ்பி இன்டர்ஃபேஸ்ல சொருகி ஒரே ஓட்டத்துல பிடிச்சிடலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்ல 22½ நிமிஷத்துக்குச் சுமார் 780 எம்பி ஆகும். பழைய டேப் ஓட ஓட உதிரும், அதனால முதல் ஓட்டத்தையே பதிவு பண்ணிடுங்க, சும்மா கேட்டுப் பார்க்கலாம்னு ஓட்டாதீங்க. பதியும்போது டிபிஎக்ஸ் போட்டிருந்தா இப்பவும் போடணும், இல்லேன்னா சத்தம் மூச்சு வாங்குற மாதிரி ஏறி இறங்கும்.

பெட்டியே இல்லாதவங்களுக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. சாதாரண ஸ்டீரியோ டெக்ல ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா ஏத்தி, கம்ப்யூட்டர்ல வேகத்தை ரெட்டிப்பாக்கி, பி பக்கத்தை மட்டும் தலைகீழாத் திருப்பணும். ஆடாசிட்டியே போதும். ஆனா ரெண்டு ஓட்டமும் ஒரே வேகத்துல இருக்காது. அரை சதவீதம் வித்தியாசம் வந்தாலே நாலு நிமிஷப் பாட்டுல 1.2 வினாடி பிசகும், துண்டு துண்டா இழுத்துப் பொருத்தணும். டிபிஎக்ஸ் போட்ட கேசட்னா இன்னும் கஷ்டம்.

இது வரைக்கும் ஏழு கேசட் ஏத்தியாச்சு. ஆறாவதுல நாலாம் தடத்துல பாட்டே இல்லை, வெறும் 'கர்ர்'னு ஒரு சத்தம். டேப் போச்சுன்னு நினைக்க வேண்டாம், அது சிங்க் குறி. டிரம் மெஷினையும் டேப்பையும் சேர்த்து ஓட்ட அந்தக் காலத்துல ஒரு தடத்தைத் தியாகம் பண்ணி இப்படி எழுதி வைப்பாங்க. அதுல இருக்கிறது வேகக் கணக்கு மட்டும்தான், தாளம் டிரம் மெஷினுக்குள்ள இருந்துச்சு. அந்த மெஷினைச் சித்தப்பா எப்பவோ வித்துட்டார். அதனால அக்கா குரல், கீபோர்டு, புல்லாங்குழல் மூணும் தாளமே இல்லாம அந்தரத்துல நிக்குது.

குழுவோட பழைய தபேலாக்காரருக்கு இப்ப எழுபது தாண்டிடுச்சு, நாகூர்ல இருக்கார். ஹெட்போன் மாட்டி அந்த மூணு தடத்தையும் கேக்க வச்சேன். ரெண்டு தடவை கேட்டுட்டு, "அஞ்சாவது தடம்னு ஒண்ணு போடலாம்ல தம்பி?"ன்னார். மாங்கனித் திருவிழா முடிஞ்சதும் வர்றதாச் சொல்லியிருக்கார்.