கைத்துப்பாக்கி உறை: தோலும் வார்ப்பு நெகிழியும்

கைத்துப்பாக்கி உறை என்பது கைத்துப்பாக்கியை இடுப்பிலோ தோளிலோ பாதுகாப்பாகச் சுமந்து செல்ல உதவும் கூடு ஆகும். ஆயுதம் நழுவாமல் பிடித்துக்கொள்வது, அதன் விசையைத் தவறுதலாக எதுவும் தொடாமல் மூடிக் காப்பது, வேண்டும்போது தடையின்றி எடுக்க இடம் தருவது ஆகிய மூன்றும் இதன் வேலைகள். நெடுங்காலம் தோலில் மட்டுமே செய்யப்பட்ட இவ்வுறை, கடந்த அரை நூற்றாண்டில் வார்ப்பு நெகிழிக்கு மாறிவருகிறது. படைத்துறையும் தோல் தொழிலும் நெகிழித் தொழிலும் அருகருகே வளர்ந்த சென்னை வட்டாரத்தின் வரலாறு இம்மாற்றத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

தோல் உறையின் காலம்

பிரித்தானிய இந்தியப் படையில் வாளும் கைத்துப்பாக்கியும் தோல் வாரிலேயே தொங்கின. 1858இல் இந்தியாவில் நடந்த சண்டையில் இடக்கையை இழந்த சாம் பிரவுன் என்ற அதிகாரி, ஒரு கையாலேயே ஆயுதத்தை எடுப்பதற்கு ஏற்றவாறு இடுப்பு வாரையும் தோள் வாரையும் இணைத்து அமைத்தார். அவர் பெயரால் வழங்கும் அந்த வார், பின்னர் பல நாட்டுப் படைகளுக்கும் காவல்துறைகளுக்கும் சீருடையின் பகுதியாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் பூந்தமல்லி ஐரோப்பியப் படையினருக்கான தங்குதளமாக இருந்தது. பின்னாளில் பருத்திப் பட்டைகள் தோலுக்குப் போட்டியாக வந்தன. இரண்டாம் உலகப்போரில் இந்திய வீரர்கள் அணிந்த 1937ஆம் ஆண்டு மாதிரிக் கருவித்தொகுதியில் கைத்துப்பாக்கி உறையும் பருத்தித் துணியால் ஆனதே.

ஆவாரம்பட்டையும் குரோமும்

எல்லாத் தோலும் உறைக்கு ஏற்றதன்று. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலை நனைத்து ஒரு பொருளின்மேல் அழுத்தி உலரவிட்டால், அது அப்பொருளின் வடிவத்திலேயே இறுகி நிற்கும். குரோம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையாக வளையும். நீரையும் நன்கு தாங்கும். ஆனால் கொடுத்த வடிவத்தை அது அவ்வளவாகப் பிடித்துக்கொள்வதில்லை.

இவ்வேறுபாட்டைச் சென்னை முன்பே கண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலை ஊக்குவித்தபோது, கிணற்று நீர் இறைக்கும் கவலைச் சால் நெடுநாள் உழைக்க வேண்டும் என்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. பல்லாவரத்தை அடுத்து அமைந்த குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டை அப்பெயர் பெற்றது. 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது.

ஆவடியும் அம்பத்தூரும்

1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் நிறுவப்பட்டன. முன்னது விஜயந்தா பீரங்கி வண்டிகளையும், பின்னது படையினரின் சீருடைகளையும் செய்தது. 2021 அக்டோபரில் இவை புதிய பொதுத்துறை நிறுவனங்களின்கீழ் வந்தன. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாகி, சிறு எந்திரப் பட்டறைகளும் அச்சுக்கருவிக் கூடங்களும் நெகிழி வார்ப்பகங்களும் அங்கே பெருகின. 1968இல் கிண்டியில் நெகிழிப் பொறியியலுக்கான மத்திய நிறுவனம் தொடங்கப்பட்டது.

நெகிழியின் வருகை

அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த கைடெக்ஸ் என்னும் தகட்டை, அமெரிக்காவின் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் 1965இல் உருவாக்கியது. விமானங்களின் உட்புறப் பாகங்களுக்காக வந்த அது, 1970களில் துப்பாக்கி உறைக்கும் பயன்படத் தொடங்கியது.

ஊசிவார்ப்பு முறையில் உறை செய்ய எஃகு அச்சு வேண்டும். அச்சு செய்யும் செலவு மிகுதி என்பதால், ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் அது கட்டுப்படியாகும். கைடெக்ஸ் தகட்டுக்கு அச்சே தேவையில்லை. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டை அடுப்பில் 160 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாக்கினால் அது துவளும். அதனை உண்மைத் துப்பாக்கியின் அளவிலுள்ள போலி உருவின்மேல் போர்த்தி, இரு நுரைப்பலகைகளுக்கு இடையே அழுத்தினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். பிறகு விளிம்பை அறுத்துத் தேய்த்து, துளையிட்டுக் குடையாணி அடிப்பார்கள். தனியார் துப்பாக்கி வைத்திருப்பது பரவலான அமெரிக்காவில் இதனால் இது வீட்டுக் கைவினையாயிற்று. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். ஆகவே இங்கு உறையின் தேவை பெரும்பாலும் படை, காவல் பணிகளைச் சார்ந்தது.

தகட்டை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அதிலுள்ள பிவிசி சிதைந்து ஐதரசன் குளோரைடு வளியை வெளியிடும். அது கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். சமையலுக்கான அடுப்பை இதற்குப் பயன்படுத்துவது தவறு.

ஒப்பீடு

தோல் உறை உடலோடு இசையும். உராயும்போது ஓசை குறைவு. தையல் விட்டால் மறுபடி தைக்கலாம். ஆனால் சென்னை போன்ற கடலோர ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். தோலில் தங்கும் ஈரம் எஃகைத் துருவேற்றும். பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும். எல்லாவற்றினும் பெரிய ஆபத்து, தேய்ந்து தொய்ந்த வாய்ப்பகுதி உட்புறம் மடிந்து, துப்பாக்கியைச் செருகும்போது விசையை அழுத்திவிடக்கூடும் என்பதே.

நெகிழி உறையின் வாய் மடியாது, நீரை உறிஞ்சாது, திருகைத் திருப்பிப் பிடிமானத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். எனினும் அது உலோகத்தின் மேற்பூச்சைத் தேய்க்கும். வெடித்துவிட்டால் ஒட்டுப்போட்டு மீட்பது அரிது. ஒரு துப்பாக்கிக்கெனச் செய்தது வேறு மாதிரிக்குப் பொருந்தாது.

தொழிலாளரும் சூழலும்

தமிழ்நாட்டில் தோல் தொழிலின் கடும் உழைப்பு அருந்ததியர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தினர்மேல் சுமத்தப்பட்டது. அத்தொழிலே இழிவாகவும் கருதப்பட்டது. தோலை நனைத்து இழுத்து வடிவேற்றும் கைத்திறன் பெரும்பாலும் குடும்பங்களுக்குள் கைமாறியது. நெகிழி வார்ப்பைப் பயிற்சி நிறுவனத்தில் எவரும் கற்கலாம். ஆகவே பொருள் மாறும்போது ஒரு பழைய இழிவு தளர வழி பிறக்கிறது. கூடவே அக்கைத்திறனுக்குரிய வேலையும் குறைகிறது.

சூழலைப் பொறுத்தவரை இரண்டுமே குற்றமற்றவை அல்ல. பாலாற்றுப் படுகையைத் தோல் பதனிடும் கழிவுநீர் கெடுத்தது பற்றிய வழக்கில், மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் வலியுறுத்தியது. மறுபுறம், நெகிழி உறையும் வெட்டித் தள்ளிய தகட்டுத் துண்டுகளும் மண்ணில் மக்குவதில்லை.

கவலைச் சாலுக்குக் குரோம் தோல் ஏற்றதாயிற்று. உறைக்கோ ஆவாரம்பட்டைத் தோலே பொருந்தியது. தோலா நெகிழியா என்ற கேள்விக்கும் விடை இவ்வகையிலேயே அமைகிறது. மழையிலும் வெயிலிலும் பணிபுரியும் காவலருக்கு நெகிழி உறை பாதுகாப்பானது. அணிவகுப்பிலும் அன்றாட நெடுநேர அணிதலிலும் நன்கு பேணப்பட்ட தோல் உறை இன்னும் தன் இடத்தை இழக்கவில்லை.