தீப்பற்றுநிலை

தீப்பற்றுநிலை என்பது ஒரு திரவத்தின் ஆவி காற்றுடன் கலந்து, சுடர் பட்டதும் கணநேரம் பற்றிக்கொள்வதற்குப் போதுமான மிகக் குறைந்த வெப்பநிலையாகும். இது குறையக் குறைய அபாயம் கூடும்.

அளவிடல்: மூடிய கிண்ணத்தில் திரவத்தை மெல்லச் சூடாக்கி, இடையிடையே சிறு சுடரைக் காட்டிச் சோதிப்பர். பிரித்தானிய வேதியியலாளர் பிரெடெரிக் ஏபெல் வடிவமைத்த மூடுகிண்ணக் கருவி 1879இல் அந்நாட்டுச் சட்டத்தில் ஏற்கப்பட்டது. அன்றைய சட்ட எல்லை 73 பாகை பரனைற்று, அதாவது ஏறத்தாழ 23 பாகை செல்சியஸ்.

தரங்கள்: ஐக்கிய நாடுகளின் வகைப்பாட்டிலும் 23 பாகையே முக்கிய எல்லை.

- தரம் 1: 23 பாகைக்குக் கீழ், கொதிக்கத் தொடங்குவது 35 பாகை அல்லது அதற்குக் கீழ் (ஈதர்)
- தரம் 2: 23 பாகைக்குக் கீழ், கொதிக்கத் தொடங்குவது 35 பாகைக்கு மேல் (அசிற்றோன், எதனோல்)
- தரம் 3: 23 முதல் 60 பாகை வரை (மண்ணெண்ணெய்)
- தரம் 4: 60க்கு மேல் 93 பாகை வரை

பெற்றோலின் தீப்பற்றுநிலை ஏறத்தாழ −40 பாகை. மண்ணெண்ணெயினது பொதுவாக 38 பாகைக்கு மேல்.

மலைநாட்டில்: வளியமுக்கம் குறைந்தால் தீப்பற்றுநிலையும் இறங்கும். 1,000 மீற்றர் உயரத்தில் இந்த இறக்கம் சுமார் 3 பாகை. இலங்கையின் வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளின் குளிரில் இது பெரிய வேறுபாடன்று. எண்ணெய் கலப்பதே பெரிய அபாயம். மரக்கறித் தோட்டங்களில் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் வோட்டர் பம்ப் இருக்குமிடத்தில், இரண்டும் ஒரே மாதிரிப் போத்தல்களில் நிற்கக்கூடும். மண்ணெண்ணெயில் சிறிதளவு பெற்றோல் கலந்தாலே தீப்பற்றுநிலை அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்கிவிடும். அதைக் குப்பி விளக்கில் ஊற்றினால், எண்ணெய்க்கு மேலுள்ள ஆவியே தீப்பிடிக்கலாம்.

கலப்பில்லாத மண்ணெண்ணெயும் திரியிலோ துணியிலோ ஊறினால் எளிதில் எரியும். விளக்குக் கவிழ்ந்து உடை பற்றுவது இவ்வாறே. இத்தகைய தீக்காயங்களுக்குச் சிகிச்சையளித்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, குட்டையும் கனமும் தட்டைப் பக்கங்களும் திருகுமூடியும் கொண்ட ‘சுதீப’ விளக்கை உருவாக்கினார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார்.

பாதுகாப்பு: பெற்றோலை லயன் அறைக்குள் வைக்கக்கூடாது. போத்தல்களில் பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். விளக்கை அணைத்து, ஆறிய பின்னரே எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெய் நீரில் மிதப்பதால், எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றாமல் மணலையோ உலர்தூளையோ பயன்படுத்த வேண்டும்.